நான்காம் மாடித் தோழிக்கு

திருச்சி

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாம்பலத்தில் மகன் வாங்கிய நான்காம் மாடி வீட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடியாகக் குடியேறிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். சமையலறைக்கு ஒரு தீயணைப்பான் வாங்கி வைக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. ஆனால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை அதற்கு முன்பே பல இருக்கின்றன. சென்ற தீபாவளிக்கு எங்கள் கீழ்வீட்டில் நடந்ததைச் சொன்னால் உனக்கு அது விளங்கும்.

அந்த வீட்டு அம்மாள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ கூப்பிட, அடுப்பை அணைக்காமல் போய்ப் பேச்சில் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது புகைந்துகொண்டிருந்த எண்ணெய் அவர் கண்ணெதிரிலேயே பற்றிக்கொண்டது. மருமகள் பதறிப்போய்க் குடத்துத் தண்ணீரைத் தூக்கிவிட்டாள். பள்ளியில் தீயணைப்பு வீரர்கள் செய்துகாட்டியதைப் பார்த்திருந்த பேரன் குறுக்கே நின்று அவளைத் தடுத்து, அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வாணலியின் மேல் பக்கவாட்டில் நகர்த்தி மூடினான். எண்ணெய் நன்றாக ஆறும்வரை அதைத் திறக்கவும் அவன் விடவில்லை. சூடு தணியுமுன் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பற்றிக்கொள்ளுமாம். அடிப்பக்கம் நீலம் பாய்ந்துபோன அந்தத் தாம்பாளத்தை மறுநாள் எனக்குக் காட்டினார்கள்.

தண்ணீர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் ஒரு நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் வாரி இறைத்திருக்கும். தீயணைப்பானிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வீடுகளுக்கு விற்கப்படும் ஏ.பி.சி. பவுடர் வகை, திரைச்சீலை, மெத்தை, மின்கம்பி ஆகியவற்றில் பிடித்த தீக்கு நல்லது. கொதிக்கும் வாணலிக்கு மிக அருகில் நின்று பீய்ச்சினால் எண்ணெயே தெறிக்கும். ஆகவே அடுப்புக்கு முதல் ஆயுதம் மூடிதான். தீயணைப்பானை அடுப்புக்கு மேலே மாட்டாமல் சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டு. தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது. அதில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்.

சிலிண்டர் விஷயத்தில் நம் தலைமுறைக்கு இன்னும் அலட்சியம் அதிகம் என்றே நினைக்கிறேன். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். அதனால் மேலே உள்ள சன்னலை மட்டும் திறந்தால் போதாது, பால்கனிக் கதவையும் அகலத் திறந்துவிட வேண்டும். வாடை வந்ததும் நம் கை தானாக விளக்குச் சுவிட்சுக்கோ எக்ஸாஸ்ட் விசிறிக்கோ போகிறது. போடுவதானாலும் அணைப்பதானாலும் அந்தச் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடு, கதவுகளைத் திற, வெளியே வந்த பிறகு 1906-ஐ அழை; கசிவுக்கென்றே உள்ள எண் அது. இன்னொன்று, சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுத்தும் ஆண்டுமாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறாயா? ஏ என்றால் சனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். கெடு தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காதே. ஆரஞ்சு நிற டியூபையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

இனி நீ கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. வெளிக் கம்பிக் கதவுக்கு இரவில் பூட்டுப் போட்டுச் சாவியைப் பீரோவில் வைப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். சன்னல்களில் கம்பி, பால்கனியிலும் கம்பி. மிச்சமிருப்பது அந்த ஒரு வழிதான். தூங்குகிறவரைப் புகையின் வாடை எழுப்பும் என்று நம்ப முடியாது. விழித்தாலும், கறும்புகையில் தவழ்ந்து வந்து பீரோவைத் திறந்து சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேட உன் வீட்டுக்காரரின் முழங்கால் இடங்கொடுக்குமா? திருடனின் கைக்கு எட்டாதபடி, ஆனால் கதவருகிலேயே, இருட்டில் தடவினாலும் அகப்படும் ஆணியில் அந்த ஒரு சாவியைத் தனியாக மாட்டிவை. மாடிப்படியில் யாராவது மின்ஸ்கூட்டர் பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜ் போட்டால், சங்கத்தில் சண்டை போட்டாவது நிறுத்து.

உதவிக்கு அழைப்பதும் பழகிக்கொள்ள வேண்டியதுதான். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. முதலில் வெளியே வந்துவிட வேண்டும், பிறகுதான் பேச்சு. லிஃப்ட்டைத் தொடவே கூடாது. பேசுகிறபோது “ஐயோ, எரிகிறது” என்று அழுவதைவிட இடத்தை முதலில் சொல்வது மேல், ஏனென்றால் இணைப்புத் துண்டிக்கப்பட்டாலும் வண்டி கிளம்பிவிடும். உங்கள் ஊரில் ஒரே கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் இரண்டையும் சொல். ஒரே பெயரில் பல தெருக்கள் உண்டு என்பதால் பேட்டையின் பெயரையும், அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ சேர்த்துச் சொல். அதன் பிறகு எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா, சிலிண்டர் இருக்கிறதா என்பவை. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை போனை வைக்காதே. காவலாளியைத் தெருமுனைக்கு அனுப்பு. குறுக்கே நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லவும் அவர் உதவுவார். இவ்வளவையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்டிவிடு. பதற்றத்தில் சொந்த விலாசமே மறந்துபோகும்.

யாருக்காவது சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டு. மாவு, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அதை அனுசரிக்கிறார்கள். அந்த வாரத்தில் குடியிருப்புகளுக்கே வந்து செய்துகாட்டுவார்கள். எங்கள் சங்கத்தில் நிலைய அலுவலரிடம் கேட்கப் போகிறோம். நீயும் உங்கள் செயலாளரிடம் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடு. அதற்குள் இங்கே வர முடிந்தால் இன்னும் நல்லது. மற்றதை நேரில் பேசலாம்.

அன்புடன்,
மீனாட்சி