நந்தவனக் கவாத்துத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புடைய ஆலய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்கு மறுவாரம் தொடங்கிய நந்தவனத் திருப்பணி, கந்த சஷ்டிக்கு முன்பாக இறையருளால் நிறைவடைந்தது. கோபுர வாசலின் இருபுறமும் உள்ள வெட்சி வேலி, தெற்கு மதிலோர நந்தியாவட்டை, அரளி வரிசை, மடப்பள்ளிக்குப் பின்னால் உள்ள செம்பருத்தி, வாகன நிறுத்துமிடத்தை மறைத்து நிற்கும் கெமுனிங் (மணமுள்ள வெள்ளைப் பூப்பூக்கும் புதர்) ஆகிய எல்லாமே கைக்கருவிகளால் கவாத்து செய்யப்பட்டன, அதாவது கிளைகள் வெட்டிச் சீராக்கப்பட்டன. மதிலுக்கு வெளியே சாலையோரம் நிற்கும் செடிகளும் மரங்களும் சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றை நாம் தொடவில்லை.

செடிகள் மெலிந்துவிட்டனவே, வேலி முன்போல் நேராக இல்லையே என்று பலரும் கேட்கிறீர்கள். தெரிந்தேதான் அப்படிச் செய்திருக்கிறோம். அதன் காரணத்தை விளக்கமாகச் சொல்லவே இந்த அறிக்கை.

இதுவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இயந்திரக் கத்தரிதான் இந்தச் செடிகளைச் சீவிவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி அடுக்கினாற்போல் ஒழுங்கு. வெட்சி வேலியைக் கையால் விலக்கிப் பார்த்தபோதோ, பச்சை இருந்தது ஒரு சாண் ஆழத்துக்குத்தான். அதற்குள்ளே இலையே இல்லாத காய்ந்த குச்சிகள், மக்கிய சருகு, எறும்புக் கூடு, எப்போதோ வீசப்பட்ட பிரசாதக் கிண்ணங்கள். கிண்ணங்களில் மழைநீர் நின்றிருந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஏழு நாள் போதும். டெங்கி விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் ஊரில், கோபுர வாசலிலேயே அப்படி ஓர் இடம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

வெட்சிக்கு இலைகள் எதிரெதிராக வரும். நுனியை வெட்டினால் கீழ்க்கணுவின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு தளிர் கிளம்பும். அடுத்த சீவலில் அந்த இரண்டும் நான்காகும், பிறகு எட்டு, பிறகு பதினாறு. நான்கே சீவலில் ஒரு நுனி இருந்த இடத்தில் பதினாறு நுனிகள் நெருக்கும். வெளிப்புறம் கூரை வேய்ந்தாற்போல் மூடிக்கொள்ள, உள்ளே வெயில் இறங்காது. வெயில் படாத இலையைச் செடி வைத்துக்கொள்வதில்லை, உதிர்த்துவிடும். மழை பெய்தால் ஈரம் காயாது, காற்று ஓடாது. செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் குடியேறும். அவை கழிக்கும் இனிப்புநீரில் கரும்பூசணம் படியும். அந்த இனிப்புக்காகவே எறும்புகள் அப்பூச்சிகளைக் காவல் காக்கும். மருந்து அடித்தாலும் இலைக்கூரையைத் தாண்டி உள்ளே போகாது.

பூ விஷயமும் இதில் அடங்கும். வெட்சி கிளை நுனியில்தான் பூங்கொத்து வைக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியைச் சீவினால் மொட்டு கட்டும் முன்பே கொத்து குப்பைக்குப் போய்விடும். முருகனுக்கு உகந்த பூ என்று நட்ட செடி, அர்ச்சனைத் தட்டுக்கு ஒரு பூவும் தராமல் நின்றதன் காரணம் இதுதான். உரக்குறைவு என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருந்தோம்.

இப்போது செய்திருப்பது தேர்ந்தெடுத்து வெட்டும் கவாத்து. மேலே சீவாமல், கிளையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே செடிக்குள் கையை விட்டு, அது எங்கிருந்து பிரிகிறதோ அந்த இடத்தில் வெட்டுவது. முதலில் காய்ந்தவை, நோய்ப்பட்டவை, ஒடிந்தவை. அடுத்து, ஒன்றோடொன்று உரசுபவையில் பலவீனமானது. அதற்கடுத்து, உள்நோக்கி வளர்பவை. இந்த அளவிலேயே பல செடிகளில் வேலை முடிந்துவிட்டது. நீளத்தைக் குறைக்க வேண்டிய கிளையை, அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை வரை பின்னுக்கு இழுத்து வெட்டினோம். அந்தப் பக்கக்கிளை நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வெட்டிய இடமும் இலைக்குள் மறைந்துவிடும். அதைவிட மெல்லிய கிளையில் கொண்டுபோய் நிறுத்தினால் வெட்டுக்குக் கீழே புதுத்தளிர்கள் கும்பலாகக் கிளம்பி, பழைய கதையே திரும்பும்.

வெட்டும் இடத்தில் தவறு நடப்பது இரண்டு விதம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சிறிய மேடு, மோதிரம்போல் சுருக்கம் விழுந்து தெரியும். காயத்தை மூடும் திசு அந்த மேட்டில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துத் தண்டோடு ஒட்டச் சீவினால் காயம் பெரிதாகி மூடாது. பயந்து விரல் நீளம் விட்டுவைத்தால் அந்தக் கட்டை காய்ந்து, அழுகல் அதன் வழியே தண்டுக்குள் இறங்கும். மேட்டுக்குச் சற்று வெளியே வெட்டுவதே சரி. மஞ்சளோ சாணமோ பூசலாமா என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். எதுவும் பூசவில்லை. பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கும். காயத்தைச் செடி தானே மூடிக்கொள்ளும்.

கருவிகளில், அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கத்தரியை மட்டுமே பயன்படுத்தினோம். பலகைமேல் கத்தி இறங்குவதுபோன்ற வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். கூர் அலகு செடியில் நிற்கும் பகுதியை ஒட்டி இருக்கவேண்டும். திருப்பிப் பிடித்தால் நசுங்கல் செடியிலேயே தங்கிவிடும். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தண்டுக்கு நீளப்பிடிக் கத்தரி, 4-க்கு மேல் கைவாள். ஒரு செடி முடித்து அடுத்ததற்குப் போகுமுன் 70 விழுக்காடு ஆல்கஹாலில் அலகைத் துடைத்தோம். பிளீச் மலிவுதான், ஆனால் எஃகை அரித்துவிடும்.

ஒரே மூச்சில் செய்யாமல் மூன்று சுற்றாகப் பிரித்தோம். பசுமை மாறாச் செடிக்கு இலைதான் சேமிப்பு. நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் திணறும். வெட்சியில் ஒவ்வொரு சுற்றிலும் மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தூரோடு எடுத்தோம். குளிர்காலம் உள்ள நாடுகளில் இதை மூன்று ஆண்டாகப் பிரிப்பார்கள். சிங்கப்பூரில் வளர்ச்சி ஆண்டு முழுதும் நிற்பதில்லை என்பதால் சுற்றுக்கிடையே பத்து வாரம் விட்டோம். தூரில் வெட்டிய முனைகள் எல்லாம் சாய்வாகவே இருக்கும். தட்டையாக வெட்டினால் நடுவில் குழிந்து நீர் நிற்கும். பிப்ரவரியின் வறட்சிக்கு முன்பும், ஆண்டிறுதி அடைமழையிலும் பெரிய கவாத்து கூடாது. அதனால்தான் பிற்பகல் இடிமழை தொடங்கும் ஏப்ரலைத் தேர்ந்து, காலையிலேயே வெட்டி முடித்தோம். ஈரச்செடியில் கத்தரி வைத்தால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்.

கெமுனிங்கின் கட்டை கடினமானது. மலாய்க்காரர்கள் கிரிஸ் கத்திக்குப் பிடி செய்த மரம். பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு ஒருமுறை அலகைத் தீட்டவேண்டியிருந்தது. மிக மெதுவாகத் தளிர்க்கும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்கவில்லை. இரண்டு கிளைகளில் பட்டைமேல் இளஞ்சிவப்புப் பூசணம் மெழுகியதுபோல் படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் வரும் இந்த நோயில், கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிறுத்தக்கூடாது. அதற்கு ஓர் அடி கீழே, பட்டைக்கு உட்புறம் வெண்பச்சையாகத் தெரியும் இடத்தில் வெட்டி, துண்டுகளை உடனே பையில் கட்டினோம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறிய கொழுந்துகளுக்கும் இதே முறைதான்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு, இதயத்துடிப்பைத் தாக்கும். தொண்டூழியர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி அணிந்தே வெட்டினார்கள். வெட்டிய கிளைகளைத் தனிப்பையில் கட்டி அனுப்பினோம். அதன் புகையும் கெடுதி என்பதால், காய்ந்த அரளிக் குச்சியை ஹோமக் குண்டத்துக்கோ தூபத்துக்கோ யாரும் எடுக்கவேண்டாம். அரளி ஒரு கணுவில் மூன்று இலை விடும் செடி. நுனியை வெட்டினால் மூன்று தளிர் வரும். இயந்திரம் அதைத் துடைப்பம்போல் ஆக்கியிருந்தது. கனமான பழைய தண்டுகளைத் தரையோடு எடுத்துவிட்டு, ஒரு செடிக்கு ஏழெட்டு தண்டு மட்டும் நிறுத்தியிருக்கிறோம்.

பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். மேற்கு முனையில் உள்ள மூன்று நந்தியாவட்டைகளில் முதல் சுற்றிலேயே அதிகம் எடுத்துவிட்டோம். இதுவரை நிழலிலேயே இருந்த உள்ளிலைகள்மேல் பிற்பகல் வெயில் நேராக விழ, நான்கு நாளில் அவை வெளிறி, பிறகு பழுப்பாகக் கருகின. கறுப்பு நிழல்வலை கட்டியபின் புதுத்தளிர் வந்தது, ஆனால் இரண்டு மாதம் பின்தங்கிவிட்டது. கிழக்கு நோக்கிய செடிகளுக்கு இது நேரவில்லை. நந்தியாவட்டையை வெட்டினால் கொட்டும் பால் அலகில் பிசினாக ஒட்டும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கந்தைத் துணி பக்கத்திலேயே இருக்கட்டும்.

மதிலை ஒட்டிய வெட்சிகளில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. கவாத்து இதைத் தீர்க்காது. வெட்சிக்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும். மதில் பூச்சிலிருந்து கசிந்த சுண்ணாம்பு அங்கே மண்ணின் தன்மையை மாற்றி, இரும்புச் சத்தை வேர் உறிஞ்ச முடியாமல் செய்திருந்தது. மேல்மண்ணோடு பழைய சிமென்ட் துண்டுகளை அகற்றி, மக்கிய உரம் கலந்த புது மண் இட்டோம். புதிதாக வந்த இலைகள் இப்போது பச்சை. மஞ்சளான பழைய இலைகள் அப்படியே உதிரும்.

தெற்கு வரிசையில் ஒரு செடி மட்டும் கவாத்து இல்லாமல் சில வாரம் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாழ்ந்த கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நார், சருகு, சிலந்தி வலை கோத்த சுருக்குப்பைபோன்ற கூடு. பக்கவாட்டு வாசலில் ஒரு சிறு அலகு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பறந்துபோன பிறகே அங்கே கத்தரி போனது. இனிமேலும் வெட்டுவதற்குமுன் ஒவ்வொரு செடிக்குள்ளும் பார்த்துவிடுவது நம் வழக்கமாக இருக்கவேண்டும்.

வேலி மேலே குறுகி அடியில் அகன்றிருப்பதும் திட்டமிட்டதே. மேல் அகன்றால் அடிக்கிளை நிழலில் பட்டுப்போய், இலையில்லாத தண்டு தெரியும். மண்டபச் சுவருக்கும் செடிக்கும் இடையே ஓர் அடி இடைவெளி விட்டிருக்கிறோம். சுவர் காயும், பின்னால் நீர் தேங்குகிறதா என்றும் பார்க்கலாம். தூரைச் சுற்றி 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு மூடாக்கு உள்ளது. அதைத் தண்டோடு சேர்த்துக் குவிக்கவேண்டாம், பட்டை அழுகும்.

பராமரிப்புக்கான புதிய ஏற்பாட்டில் இயந்திரக் கத்தரி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு காலைப்பொழுது, கைக்கத்தரி மட்டும். வாராவாரம் செடிக்குள் கிண்ணமோ பையோ கிடக்கிறதா என்று பார்க்கத் தொண்டூழியர் முறை அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது; சனிக்கிழமைக் காலைகளுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. பூஜைக்குப் பூப்பறிப்பவர்கள் கிளையை வளைத்து ஒடிக்காமல், வெட்சிக் கொத்தைக் காம்புக்குக் கீழே உள்ள முதல் இலையிணைக்கு மேலே கத்தரியால் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கொத்து அந்த இணையிலிருந்துதான் வரும். கத்தரி மடப்பள்ளி வாசல் ஆணியில் தொங்குகிறது.

இங்ஙனம்,
நந்தவனத் திருப்பணிக் குழு