முகவரி இல்லாதவர்களுக்கு ஒரு வீடு: செயலாளர் ஆண்டறிக்கை

சன்மார்க்க அன்பர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேலத்தில் நம் சங்கம் நடத்தும் தங்கும் இல்லத்தின் ஓராண்டுப் பணியைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இல்லத்துக்கு வந்தவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

பழைய பேருந்து நிலையம், ஜங்ஷன், பெரியாஸ்பத்திரி வாசல் ஆகிய இடங்களில் இரவில் படுத்திருப்பவர்களைப் பார்க்க நம் தொண்டர்கள் இந்த ஆண்டும் போனார்கள். மார்கழிப் பனியில் போர்வையை யாரும் மறுப்பதில்லை. "இல்லத்துக்கு வாங்கண்ணா" என்றால்தான் தயங்குகிறார்கள். குடியால் வீட்டை இழந்தவர்கள் உண்டு. வீட்டை இழந்து, ரோட்டோரத்தில் தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் பருவம் முடிந்து கையில் கூலியோடு மலையிறங்கி, இங்கேயே சிக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

புதிய தொண்டர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடமாக நிறையக் குடித்தவரை அழைத்து வந்து, "சாமி முன்னால் சத்தியம் பண்ணுங்க, இன்றோடு விடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அதனால் முதலில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அப்புறம்தான் நம் இல்லம். அவசரத்துக்கு யோசனை கேட்க, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐ எல்லோரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் மருத்துவமனையிலிருந்து நம்மிடம் வந்தார். முதல் வாரம் டம்ளரில் பாதிதான் கஞ்சி ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் மேலெல்லாம் சிந்திவிடும், அவருக்குக் கூச்சமாகிவிடும். நடுக்கம் குறைந்த பிறகு பூஜைக்குப் பூக்கட்ட உட்கார்ந்தார். நார் நழுவும், மறுபடி எடுப்பார். ஒருநாள் சரம் முழுதாகக் கட்டி முடித்து, அதைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். இப்போது மறுபடி பட்டறைக்குப் போய்க் கண்ணி கோக்கிறார்.

மாலை ஆறு மணிக்கு ஜோதி வழிபாடு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேலை முடிந்து கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்தில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதே பெரிய துணை. வழிபாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள் போய் வருகிறார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியில்தான்.

மீண்டும் குடித்துவிட்டு வருகிறவரைச் சேர்க்கலாமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. மற்றவர்களின் தூக்கமும் மன உறுதியும் கெடும் என்ற கவலை நியாயமானது. ஆனாலும் சேர்க்கத்தான் வேண்டும் என்று நான் பேசினேன், இப்போதும் அதையே சொல்கிறேன். சர்க்கரை ஏறிப்போய் வருகிறவரை எந்த வைத்தியரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவரிடம் அங்கே யாரும் தகுதி கேட்பதில்லை. கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: போதையோடு வருகிறவருக்கு அன்றிரவு திண்ணையில் பாய், சாப்பாடு, துணைக்கு ஒரு தொண்டர், விடிந்ததும் மருத்துவமனை.

ஆதார் வேலை இழுத்தடித்தது. முகவரி இல்லை என்று ஓர் அலுவலகத்தில் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றிதழை ஏற்க விதி இருக்கிறது. அந்த விதியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிய பிறகே வேலை நடந்தது. ஆதார் வந்தால்தான் வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு எல்லாம்.

பெண்களுக்கு நம்மிடம் இன்னும் இடமில்லை. பேருந்து நிலையத்தில் குழந்தையோடு படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, வேறு இடத்துக்கு வழி சொல்லிவிட்டு வருவது மிகவும் கஷ்டமாக இருக்கிறது. தனி வாசலும் பெண் பொறுப்பாளரும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் இவ்வறிக்கையோடு சேர்த்துப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.