உப்புக் காற்றும் பழைய ரீவி கேம் சாமான்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்க முன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மட்டக்களப்பில் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே பழைய ரீவி கேம் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவற்றை இறக்கித் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறார்கள். பட்டன் அமுங்கும், ஆனால் ஒன்றும் நடக்காது. விளையாட்டு அடங்கிய கெசட்டைப் போட்டால் திரை வெறுமையாக நிற்கும். உடனே பழுது என்று முடிவுகட்டிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். நான் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகு அயல் பிள்ளைகள் கொண்டுவரும் கொன்ட்ரோலர், கெசட், ரீவித் திரையை நோக்கிச் சுடும் விளையாட்டுத் துவக்கு ஆகியவற்றைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பழுதே இல்லை. அழுக்கும் உப்பும்தான்.

எங்கள் ஊரான ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடற்காற்றோடு வரும் உப்பு பொருட்களின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈர உப்பு செம்பையும் இரும்பையும் மெல்ல மெல்ல அரிக்கும். செருகியின் முனைகள் பச்சை பிடிப்பதும், பற்றரிப் பெட்டியின் சுருள் வில் துருவேறுவதும் அதனால்தான். வரண்ட நாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் சொல்லும் அளவு கவனம் எங்களுக்குப் போதாது. மாரிக்கு முன் ஒரு தடவை, மாரி முடிந்து ஒரு தடவை என்றாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

கெசட்டை வாயால் ஊதும் பழக்கம் ஊரெல்லாம் உண்டு. இதை நான் எந்தப் பிள்ளையிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. "மனே, ஊதாத" என்று கையிலிருந்து வாங்கிவிடுவேன். ஊதினால் வேலை செய்கிறதே என்று கேட்பார்கள். கெசட்டைக் கழற்றித் திரும்பச் செருகும்போது முனைகள் உரசிக் கொஞ்சம் சுத்தமாவதுதான் காரணம், மூச்சு அல்ல. மூச்சிலுள்ள ஈரம் அரிப்பைத்தான் கூட்டும். கெசட்டுகளை விற்ற நின்டெண்டோ நிறுவனமே ஊத வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

அதைவிடக் கவலை தருவது அரத்தாள். என் அயல்வீட்டுப் பிள்ளை ஒருவனின் கெசட்டை நகரிலுள்ள ஒரு திருத்தும் கடையில் கொடுத்தார்கள். அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மாரி கழிந்ததும் அது அடியோடு செத்துப்போயிற்று. அசல் கெசட்டின் விளிம்பிலுள்ள முனைகளில் மிக மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். தங்கம் அரிபடாது என்பதற்காகவே அதைப் பூசுகிறார்கள். தேய்த்து எடுத்துவிட்டால் கீழே உள்ள செம்பு உப்புக் காற்றுக்கு நேரே திறந்து கிடக்கும். திருத்துகிறவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். 90 வீதத்துக்கு மேற்பட்டது கிடைத்தால் நல்லது. 70 வீதமானதில் மீதி பெரும்பாலும் தண்ணீர், நன்றாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். அப்படியும் போகாத கறைக்கு மட்டும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். பெற்றோலும் தின்னரும் நகப்பூச்சு நீக்கும் அசற்றோனும் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

கொன்ட்ரோலரின் பட்டன் கேட்கவில்லை என்றால் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றுங்கள். உள்ளே றப்பர் விரிப்பு ஒன்று இருக்கும், அதன் அடியில் கறுப்பு வட்டங்கள். அது காபன். பட்டனை அமுக்கும்போது அந்தக் காபன், கீழேயுள்ள மின்சுற்றுப் பலகையின் இரண்டு கோடுகளை இணைத்து மின்சாரத்தைக் கடத்துகிறது. வியர்வையும் எண்ணெயும் இடையில் படிந்தால் கடத்தாது. றப்பரை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் அலசி நிழலில் காயவையுங்கள். காபனை அற்ககோலால் உரஞ்சினால் அதுவே கழன்று வந்துவிடும். பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்கலைன் பற்றரியாயின், அது கசிந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு காற்றுப்பட்டு உண்டான பொற்றாசியம் காபனேற்று. கையுறை போட்டுக்கொண்டு வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்ட குச்சியால் துடைத்தால் நுரைத்து அடங்கும். அப்புறம் அற்ககோலால் ஒரு தடவை துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

எடுத்து வைப்பதிலும் ஒரு முறை உண்டு. வயரைக் கொன்ட்ரோலரைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் வயர் வளைவதற்காக அதன் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் மென்மையாக்கி வெளியேறி, கொன்ட்ரோலரின் உடம்பை உருக்கித் தடம் போட்டுவிடும். துணிகளுக்கு வைக்கும் பூச்சி உருண்டையும் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஜப்பானில் பாவித்த சாமான்களை வாங்குகிறவர்கள் அடப்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே 100 வோல்ற்று, இங்கே 230. 100 வோல்ற்றுக்கு மட்டும் செய்ததை அப்படியே செருகினால் எரிந்துபோகலாம். 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகொம் என்ற கேம் பெட்டியின் அடப்டரில் நடு முனை எதிர் மின்வாய், பொதுவாகக் கடையில் கிடைப்பவற்றுக்கு நேர்மாறு. செருகி பொருந்துகிறது என்பதற்காகப் போட்டுவிடக் கூடாது.

கடைசியாகத் துவக்கு. சுத்தமாக்கிக் கொடுத்த பிறகும் "ரீச்சர், இது சுடுகுதில்ல" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். துவக்கில் குற்றமில்லை, வீட்டிலுள்ள தட்டை ரீவியில்தான் விடயம் இருக்கிறது. அந்தத் துவக்கிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. உள்ளே இருப்பது ஒரு வில்லையும் ஒளி உணரியும்தான். வாத்துச் சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துவக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். படக்குழாய் ரீவி படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உடனுக்குடன் வரைகிறது. தட்டை ரீவி படத்தை வாங்கி, பதப்படுத்தி, சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெளிச்சம் வரும்போது கேம் பெட்டி அதை எதிர்பார்ப்பதை நிறுத்தியிருக்கும். இவ்வளவு அழகான பௌதிகப் பாடத்தை ஒரு விளையாட்டுச் சாமான் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறது. அதைக் காட்டும்போது அவர்களின் கேள்விகளுக்கு முடிவே இருப்பதில்லை.

ஆகவே படக்குழாய் ரீவிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். படம் தெளிவாக விழும் ரீவி வீட்டில் சும்மா கிடந்தால் உடைத்து எறிய முன் பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பின்மூடியை மட்டும் ஒருவரும் திறக்கக் கூடாது; செருகியைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இத்தகைய துப்புரவு முறைகளுக்குச் சிறிது இடம் ஒதுக்கினால், படங்களோடு எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
ஆரையம்பதி.