பாறை வெடிப்புகளும் பண்டாரவளைக் கிணறுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பிக் கொண்டுசெல்ல எங்கள் மலைகளினூடே குடைந்த உமா ஓயாச் சுரங்கம் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். 2014 டிசெம்பரிலும் மீண்டும் 2017இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்ததையும், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் கட்டுரையாளர் மிகுந்த அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஆனால் பாறைக்குள் நீர் ஓடும் வழியை முன்கூட்டி அறிய முடியாது என்று அவர் முடித்திருப்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அறிய வழி உண்டு. அதற்கு எங்கள் கிணறுகளின் கணக்கும் வேண்டும்.

மலையகத்தின் அடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், குவார்ட்சைற்று போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவற்றின் உட்பகுதியில் நீர் புக இடம் மிகக் குறைவு. வெடிப்புகளின் வழியாகவே அது ஓடுகிறது. வெடிப்பொன்றை இரு சமாந்தரச் சுவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியாகக் கொண்டால், அதில் ஓடும் நீரின் அளவு அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமாகும். அரை மில்லிமீற்றர் இடைவெளி ஒரு மில்லிமீற்றராக விரிந்தால் நீரோட்டம் இரு மடங்கல்ல, எட்டு மடங்காகிறது. வறண்ட பாறையை நெடுந்தூரம் குடைந்து சென்ற இயந்திரம் ஒரே வெடிப்பில் வெள்ளத்தைச் சந்திக்கக்கூடும் என்பதும், ஒரே சரிவில் மேல் லயத்துப் (தோட்டக் குடியிருப்பு வரிசையின்) பீலி, அதாவது ஊற்று நீர் விழும் குழாய், வற்றிக் கிடக்கக் கீழ் லயத்துப் பீலி ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இவ்வெடிப்புகளைத் தோண்டாமல் தேட அதிர்வலைகள் உதவுகின்றன. அலையொன்று நீர் நிறைந்த வெடிப்பைக் கடக்கையில் அதை நெருக்குகிறது. நெருக்குண்ட நீர் அருகிலுள்ள நுண்துளைகளுக்குள்ளும் அதனோடு இணைந்த வேறு வெடிப்புகளுக்குள்ளும் தள்ளப்பட்டுத் திரும்புகிறது. இந்தப் போக்குவரவில் நீரின் பிசுக்குமையால் (ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வால்) அலையின் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகி, அலை தணிகிறது. அதிர்வு மிக மெதுவாக இருந்தால் அமுக்கம் சமப்பட்டுவிடும். மிக வேகமாக இருந்தால் நீர் நகர நேரமே இராது. இடைப்பட்ட ஓர் அதிர்வெண்ணில்தான் தணிவு உச்சமடையும். அந்த உச்சம் எங்கே விழுகிறது என்பது பாறையின் ஊடுபுகவிடும் இயல்பையும், வெடிப்புகளின் பருமனையும், அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தையும் பொறுத்தது. நீர் நிறைந்த நுண்துளைப் பாறையில் அலை செல்வதற்கான சமன்பாடுகளை பௌதிகவியலாளர் மொரிஸ் பியோ 1956ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இன்று அத்தகைய சமன்பாடுகளை வெடிப்பு வலையமைப்புகளுக்கும் விரித்துக் கணினியில் தீர்க்கிறார்கள்.

எனினும் அலைப் பதிவு மட்டும் போதாது. வெடிப்புகளில் பட்டு அலை சிதறினாலும் அது தணியும். அந்தத் தணிவுக்கு நீரோட்டம் தேவையில்லை. ஒரே பதிவுக்குப் பல வெடிப்பு வலைகள் பொருந்திவரலாம் என்பதால், கணினி மாதிரியுரு எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் நான் அதை உடனே நம்பமாட்டேன். எந்த வலை உண்மையானது என்று தெரிவு செய்ய, மழைக்கும் வறட்சிக்கும் ஒவ்வொரு கிணறும் ஊற்றும் எப்படி ஏறி இறங்கின என்ற நெடுநாள் அளவீடு வேண்டும்.

ஆகவே, எங்கள் மலைகளில் இனியொரு சுரங்கம் குடையப்படுமானால், வடகீழ்ப் பருவமழையும் அதன் பின்வரும் வறட்சியும் அடங்கிய ஓராண்டாவது கிணறுகளின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்க வேண்டும். வீட்டுக் கிணறுகளோடு தோட்டத்துப் பீலிகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். எந்தக் கிணறு எவ்வளவு இறங்கும் என்று மாதிரியுரு சொல்வதைக் குடையத் தொடங்கும் முன்பே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். வற்றிய பிறகு வரும் விளக்கத்தால், தண்ணீர்க் குடத்தோடு மலையேறும் தாய்மாருக்கு என்ன பயன்?

கிணற்று நீர்மட்டத்தை அளக்கப் பெரும் கருவிகள் தேவையில்லை. எடை கட்டிய அளவுநாடாவும் ஒரு கொப்பியும் போதும். இப்பகுதிப் பாடசாலைகளின் விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள் முன்வந்தால், அளக்கவும் பதியவும் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பண்டாரவளை.