மீட்சிக்கு எங்கள் சேமலாப நிதியும் கொடுத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

2024இல் இலங்கையின் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, பணவீக்கம் அடங்கிவிட்டது, கடன் மறுசீரமைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது என்ற செய்திகளைச் சந்தோஷத்தோடுதான் படிக்கிறேன். 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற எவருக்கும் அந்தச் சந்தோஷம் இருக்கும். ஆனால் இந்த மீட்சிக்கு யார் யார் கொடுத்தார்கள் என்று பேசும்போது ஊழியர் சேமலாப நிதியின் அங்கத்தவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். மாதாமாதம் சேமலாப நிதிக்கான சி படிவத்தை நிரப்புவது என் வேலை. பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், பக்கத்தில் ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும். துணி மடிக்கிற பிள்ளைகள், லொறிச் சாரதி, காசாளர், நான், எல்லோரும் அந்தத் தாளில் ஒவ்வொரு வரி. எங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. வயது வந்ததும் கைக்கு வரும் அந்தத் தொகைதான் எல்லாம். தெருவில் கைவண்டி இழுக்கும் நாட்டாமிகளுக்கு அதுவும் இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் அங்கீகரித்தது. அதன்படி நிதியின் கையில் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கியதற்குக் கொடுத்த பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, 2038 வரை நீளும் புதிய முறிகளை வாங்கவேண்டும். வட்டி முதலில் 12 சதவீதம், பிறகு 9. மாற்றாவிட்டால் முறிகளிலிருந்து நிதிக்கு வரும் வருமானத்தின் மீதான வரி 14இலிருந்து 30 சதவீதமாக ஏறும் என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை வைத்த பிறகு மறுக்க இடம் ஏது? வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே நிறைய வரி கட்டுகின்றன, வைப்பாளர்களின் பணத்தைக் காப்பாற்றவேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு, ஒரு வங்கி விழுந்திருந்தால் எங்கள் கடையும் மூடியிருக்கும். சரி, எங்கள் பணமும் வைப்புத்தானே? அதுவும் நாங்கள் நினைத்தபோது எடுக்க முடியாத வைப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2022 தொடக்கத்தில் ஒருவர் பெயரில் 1 இலட்சம் ரூபாய் இருந்ததாக வையுங்கள். அந்த ஆண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம், 2023க்கு 13, 2024க்கு 11. புதிதாகக் கட்டியதைச் சேர்க்காமல் பார்த்தால் 2024 முடிவில் அது ஏறத்தாழ 136,700 ரூபாய். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 டிசம்பரில் 57.2 சதவீதம், 2023 டிசம்பரில் 4, 2024 டிசம்பரில் பூச்சியத்துக்குக் கீழே 1.7. அதாவது அன்று 1 இலட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு 2024 முடிவில் 160,700 ரூபாய் வேண்டும். 24,000 ரூபாய் துண்டு விழுகிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். 2022இல் ஏறியதில் பெரும்பகுதி இன்னும் இறங்கவேயில்லை.

எங்கள் கடையில் இருந்த ஓர் அக்கா 50 வயதில் விலகி நிதியை எடுத்தார். ஹட்டன் பக்கம் அரைகுறையாக நின்ற வீட்டை முடித்துவிடலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். சீமெந்துக்கும் கம்பிக்கும் கூலிக்கும் போனது போக, கூரைக்குக் காசு இல்லை. மகள் கடன் எடுத்துத்தான் தகரம் போட்டார்கள்.

அரசாங்கத்தின் கைக்கு இப்போது முன்பைவிட வரி வருகிறது. 18 சதவீத வற் வரியை நாங்களும்தான் கட்டுகிறோம். அந்த வருமானத்தில் ஒரு பங்கை, 2022இல் நிதியில் பணம் வைத்திருந்தவர்களுக்கு விசேட வட்டியாகச் சேர்க்கவேண்டும். அடுத்த சில வருடங்களில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு முதலில் கொடுக்கட்டும், இளையவர்களுக்கு இழந்ததைப் பிடிக்க இன்னும் காலம் இருக்கிறது. சம்பளத்தில் 8 சதவீதத்தைப் பிடித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருக்கும் முதலாளிமாரைத் தொழில் திணைக்களம் தேடிப் பிடிக்கவும் வேண்டும். என் முதலாளி ஒரு மாதமும் தவறியதில்லை, பக்கத்துத் தெருக்களில் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும்.

2028இலிருந்து வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டும் சுமை மறுபடி ஏறப்போகிறது. அப்போது பணம் போதாமல் போனால் மீண்டும் இந்த நிதியின் பக்கம் கை நீளுமோ என்பதுதான் என் பயம். அதற்கு முன்பே, அங்கத்தவர்களின் பிரதிநிதிகளைக் கேட்காமல் இந்த நிதியின் முறிகளில் கை வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
சேமலாப நிதி அங்கத்தவர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13