காய்ச்சலும் ஓடுகிற ஊர்

ஆக்ஸ்போர்ட்,
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். அப்பா, அம்மா, ஆச்சி, மதினி எல்லோரும் நலந்தானே? அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

ஐந்நூறு மரபுத்தொடர் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்வதாகவும், 'ரன்' என்ற சொல்லுக்கு வந்து மாட்டிக்கொண்டதாகவும் போனில் சொன்னாயே. நீ ஓஇடி, அதாவது மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை, எழுதப் போகிறவள். போனில் பேசினால் காற்றோடு போய்விடும், தாளில் இருந்தால் பரீட்சைக்கு முன்னால் இன்னொரு தரம் பார்ப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் வார்டுக்கு வா. காலை ஏழரைக்கு ஹேண்டோவர். ராத்திரி டியூட்டி பார்த்தவர் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வருவார், நாங்கள் தாளில் குறித்துக்கொள்வோம். நாலாம் கட்டில் அம்மா 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. அதாவது காய்ச்சல். நமக்குக் காய்ச்சல் அடிக்கும், இவர்களுக்கு ஓடும். ஆறாம் கட்டிலுக்கு டிரிப் 'ரன்னிங்'. சலைன் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏழாம் கட்டிலுக்குப் புது டிரிப் போட வேண்டும், 'ரன் த லைன் த்ரூ'. ட்யூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் முதலில் மருந்தை ஓடவிட்டு நிரப்பு என்று அர்த்தம். ஒன்பதாம் கட்டிலுக்கு மருந்தின் அளவை மாற்றலாமா என்று 'ரன் இட் பை த டாக்டர்'. டாக்டர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடு என்று நாம் சொல்வோமே, அதுதான். கையுறை 'ரன்னிங் லோ', தீரப்போகிறது. கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்து, "ஐ ஆம் ரன்னிங் லேட்" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இத்தனையும் ஒரே மூச்சில். அந்த நேரத்தில் அந்த அறையில் யாருமே ஓடவில்லை என்பதையும் கவனி.

உன் புத்தகத்தில் இதெல்லாம் அகரவரிசையில் இருக்கும். அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. யார் வாயில், எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மூக்கு ஓடினால் சளி. துணியில் நிறம் ஓடினால் சாயம் போகிறது. குழாய் ஓடினால் யாரோ மூடாமல் விட்டுவிட்டார்கள். பஸ் ஓடினால் பஸ் ஓடுகிறது, அது நமக்கும் தெரிந்ததுதான். குடும்பத்தில் ஓடினால் பரம்பரை வியாதி. சர்க்கரை நம் வீட்டில் ஓடுகிறது என்று தாராளமாகச் சொல்லலாம், அப்பாவிடம் சொல்லாதே.

அப்புறம் 'த ரன்ஸ்'. இதை மட்டும் நன்றாக மனதில் வை. வயிற்றால் போகிறது என்று ஊரில் சொல்வோமே, அதே. வயதானவர்கள் குரலைத் தாழ்த்தி, "ஐ ஹேவ் காட் த ரன்ஸ்" என்பார்கள். எத்தனை தடவை, எப்போதிருந்து, ரத்தம் கலந்து போகிறதா என்று கேட்க வேண்டும். ஆனால் ஓஇடியில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள் இல்லையா, பெரும்பாலும் நோயாளியை இன்னொருவர் கவனிப்புக்கு அனுப்புகிற கடிதமாக இருக்கும், அதில் 'ரன்ஸ்' என்று எழுதிவிடாதே. அங்கே 'டயரியா'தான். பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவர் சாதாரணமாகத்தான் பேசுவார். இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நோயாளி பேசுவது புரிய வேண்டும், நீ எழுதுவது மருத்துவமனைத் தாளுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் வேறு வேறு.

பின்னால் ஒட்டிக்கொள்கிற குட்டிச் சொற்கள்தான் பெரிய தலைவலி. 'ரன் டவுன்' எடுத்துக்கொள். நோயாளி சொன்னால் உடம்பில் தெம்பில்லை. பேட்டரியைச் சொன்னால் சார்ஜ் இறங்கிவிட்டது. ஒரு தெருவைச் சொன்னால் கவனிப்பாரில்லாமல் சீரழிந்து கிடக்கிறது. ஒரு கார் ஒரு ஆளை 'ரன் டவுன்' செய்தால் அடித்துப் போட்டுவிட்டது. மாமியார் மருமகளை 'ரன் டவுன்' செய்தால் மட்டம்தட்டிப் பேசுகிறாள். 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் சந்திப்பதும் உண்டு, மோதுவதும் உண்டு. உங்கள் அம்மாவைக் கடையில் 'ரன் இன்டூ' செய்தேன் என்று யாராவது சொன்னால் பதறாதே, பார்த்துப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே 'ஸ்கூல் ரன்' என்று தினமும் ஒன்று நடக்கும். பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கூட்டி வருவதுதான். அந்த நேரத்தில் தெருவெல்லாம் வண்டி நகராது. உண்மையிலேயே காலால் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்க்ரன் நடக்கிற பூங்காவுக்குப் போக வேண்டும். ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓடலாம், நடக்கலாம். 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் பதின்மூன்று பேரோடு ஆரம்பித்தது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. வார்டில் கூட வேலை பார்க்கும் கேரளத்து அக்கா தவறாமல் போவாள். நான் சனிக்கிழமை தூங்குவேன்.

தேர்தல் சமாச்சாரம் உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ஓடுகிறார்'. பிரிட்டனில் நம்மைப் போலவே 'நிற்கிறார்'. ஒரே மொழிதான், கடல் தாண்டினால் நிற்பது ஓட்டமாகிவிடுகிறது. காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தாலும் அமெரிக்காவில் அது 'ரன்', இங்கே ஏணி.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு தாத்தா எங்களிடம் இருந்தார். நடக்க முடியாது, ஜலதோஷம் வேறு. கால்களைச் சோப்பு போட்டுத் துடைக்கப் போனால் தினமும் ஒரே ஜோக்: "கடவுள் என்னைத் தலைகீழாகச் செய்துவிட்டார் சிஸ்டர். மூக்கு ஓடுகிறது, கால் மணக்கிறது." முகர்வதற்கும் நாறுவதற்கும் அவர்களுக்கு 'ஸ்மெல்' ஒன்றுதான். பழைய ஜோக்காம், இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் நாம் சிரிக்கிறோமா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். சிரிக்கும்வரை காலை நீட்ட மாட்டார்.

இந்த ஊரில்தான் அந்தப் பெரிய ஆக்ஸ்போர்ட் அகராதியைத் தயாரித்தார்கள் என்று உனக்குத் தெரியுமே. பான்பரி ரோட்டில் 78-ஆம் எண் வீட்டில்தான் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே இருந்தார். தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஊர் ஊராக வாசகர்கள் சொற்களுக்கு எடுத்துக்காட்டு எழுதி அனுப்பிய சீட்டுகளை அடுக்கி வைத்து வேலை பார்த்தவர். வருகிற போகிற தபால் அவ்வளவு என்பதால் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டி வைத்துக் கொடுத்தார்களாம், சிவப்பாக இன்னும் நிற்கிறது. முதல் பகுதி 1884-ல் வந்தது, முழுதாக முடிந்தது 1928-ல். மரே 1915-லேயே இறந்துவிட்டார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான விளக்கம் பெற்ற சொல் 'செட்'. புதிய பதிப்பில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். ரயில், இயந்திரம், கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் இவர்கள் 'ரன்' என்றே சொல்லிவிடுகிறார்கள், பெருகாமல் என்ன செய்யும்? ஆகவே உன் புத்தகத்தில் 'ரன்' மட்டும் இரண்டு பக்கம் என்று சலித்துக்கொள்ளாதே.

நம்மிடம் மட்டும் என்ன குறைவா? 'அடி' என்ற ஒரு சொல்லை வைத்து எவ்வளவு வேலை வாங்குகிறோம்! வெயில் அடிக்கிறது, போன் அடிக்கிறது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், கோயிலில் மொட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம், அதிர்ஷ்டம் அடிக்கிறது. வார்டில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "உங்கள் ஊரில் யாராவது சும்மா இருப்பார்களா?" என்று கேட்டாள்.

சரி, வேலைக்குக் கிளம்ப வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நோயாளியும் நர்ஸும் பேசுகிற ஒலிப்பதிவுகளைத் தினமும் அரைமணி கேள். மரபுத்தொடரை வலிய நுழைத்துப் பேசாதே, இங்கே யாரும் அதற்கு மார்க் போடப் போவதில்லை. பரீட்சைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல். மதினியிடம் சொல்லி எள்ளுப்பொடி கொஞ்சம் இடித்து வை, அடுத்த மாதம் இங்கே வருகிற ஒருவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுக்களைக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றச் சொன்னேனே, அப்பா ஆள் பார்த்தாரா?

அன்புடன்,
உன் அக்கா