ஏழாவதை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'அட்டாச்மென்ட் பேரன்டிங்' (குழந்தையோடு எப்போதும் நெருக்கமாக இருந்து வளர்க்கும் முறை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கேட்கும்போதெல்லாம் பால் கொடுப்பது, அழுதால் உடனே தூக்குவது, உடம்போடு சேர்த்து வைத்துக்கொள்வது, பக்கத்திலேயே படுக்கப் போடுவது என்று கட்டுரை சொன்ன எதிலும் எனக்குச் சண்டை இல்லை. நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் பெரும்பாலும் இதைத்தான். "கைச்சூடு பழகிட்டா அப்புறம் கீழயே படுக்காது" என்ற மாமியார்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறோம். 1986இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஓர் ஆய்வு நடந்தது. நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்ன வீடுகளில், ஆறாவது வாரத்தில் குழந்தைகளின் அழுகை 43 சதவீதம் குறைவாக இருந்ததாம். அன்றே இது கையில் இருந்திருந்தால் மாமியார்களிடம் படித்துக் காட்டியிருப்பேன்!

என் குறை வேறு. கட்டுரை முழுக்க 'அம்மா', 'அம்மா' என்றே போகிறது. அப்பா ஒரு வரியில்கூட வரவில்லை. பாட்டி வருகிறார், அதுவும் பழைய கருத்துகளைச் சொல்லிக் குறுக்கே நிற்பவராக. இந்த முறையைப் பரப்பிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் அவர் மனைவி மார்த்தாவும் ஏழு விஷயங்களைச் சொன்னார்கள். உங்கள் கட்டுரை ஆறோடு நின்றுவிட்டது. விட்டுப்போன ஏழாவது, சமநிலை: வீட்டில் மற்றவர்களின் தேவைகளையும் தாயின் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்வது. அதை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் ஆறும் தாய்க்குத் தண்டனைதான். கோவையில் இருக்கும் என் மகள், குளிக்கப் போகும் நேரத்துக்குக் குழந்தையைத் தொட்டிலில் போட்டதற்கே குற்ற உணர்ச்சியோடு எனக்கு போன் செய்கிறாள். குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்லிங் துணி வேறு, இடுப்பு வலி வேறு.

இதற்கெல்லாம் அடிப்படை என்று கட்டுரை காட்டிய பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் தாய் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரையும் சேர்த்தே சொன்னார். அவரையே ஓர் ஆயாதான் வளர்த்தார். அவருக்கு நான்கு வயது வாக்கில் அந்த ஆயா வேலையை விட்டுப் போனது பெரிய இழப்பாக இருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை பார்த்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1954-55இல் உகாண்டாவில் 26 குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்தவர். அவர் ஆய்வுகள் முன்னிறுத்தியது, குழந்தை காட்டும் குறிப்பைப் புரிந்துகொண்டு அதற்கேற்றபடி நடப்பதை. எத்தனை மணி நேரம் கட்டிச் சுமந்தாள் என்ற கணக்கை அல்ல.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் பெயர் போட்டுக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணிடம் "நாள் முழுக்கக் குழந்தையை மார்போடு வைத்திரு" என்று எப்படிச் சொல்வது? ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் சிலர் முதுகில் துணியால் கட்டிக்கொண்டே மலைச்சரிவில் நிற்கிறார்கள். பார்க்க அழகுதான், பத்திரிகைக்காரர்கள் படம்கூட எடுப்பார்கள். ஆனால் மருந்தடித்த செடி, மழை, அட்டை, காட்டுமாடு எல்லாம் இருக்கிற இடம் அது. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் வடநாட்டுத் தொழிலாளியின் மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

தோட்டத்துக் குழந்தையின் பகல் முழுக்கப் பிள்ளைக் காம்பராவில்தான், அதாவது தோட்டத்தின் குழந்தைகள் காப்பகத்தில். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் அது கட்டாயம் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வேலைக்கு நடுவே பால் கொடுக்க இரண்டு முறை கூலிப்பிடித்தமில்லாத இடைவேளை தர வேண்டும் என்றது 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம். நடைமுறை என்ன? நான் போய்வந்த ஒரு தோட்டத்தில் காம்பரா பள்ளத்தில், கொழுந்து எடுக்கும் நம்பர் (தோட்டத்தின் பகுதி) மேட்டில். இறங்கி ஏறவே இடைவேளை போய்விடும். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலியோடு கூடையைச் சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காம்பரா ஆயாவைக் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். புது ஆயாவைப் பார்த்துப் பிள்ளைகள் வீறிட்டு அழும். பௌல்பி பேசிய பிரச்சினை இதுதானே! இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவளுக்கோ அந்தக் காம்பராவும் கிடையாது.

மகப்பேறு சட்டம் 2017இல் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது நல்ல விஷயம். ஆனால் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துவிட்டால் மிச்சம் பதினெட்டு வாரம்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று சொன்ன எங்களிடம், "அதுக்கு முன்னாடியே வேலைக்குப் போகணுமே சிஸ்டர்" என்று கேட்ட பெண்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

பக்கத்தில் படுக்க வைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரை எழுதியவர் சமவெளிக்காரர் போலும். உறைபனி விழும் மாதங்களில் இங்கே குடும்பமே ஒரே கட்டிலில், கனத்த ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கும். கைக்குழந்தையை அதற்குள் விடக்கூடாது. அடுக்கடுக்காகச் சட்டை போட்டு, கெட்டியான விரிப்பில், மல்லாக்க, முகம் மூடாமல் தனியாகப் படுக்க வையுங்கள், கைக்கு எட்டும் தூரத்தில். குடித்துவிட்டு வந்தவரோ புகைப்பவரோ பக்கத்தில் படுக்கவே வேண்டாம். மூடிய அறைக்குள் கரிக் கணப்பு கூடவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும்.

குறைமாதக் குழந்தையைத் தோலோடு தோல் அணைத்து வைக்கும் கங்காரு முறையை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருத்தியால் முடிகிற காரியமா? அப்பாவின் மார்பிலும் அதே சூடுதான். சட்டையைக் கழற்றச் சொன்னால் முதலில் கூச்சப்பட்டு வெளியே ஓடுவார்கள். ஒருமுறை வைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரைக் குன்னூர், கூடலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்புங்கள். எத்தனை குழந்தைக்கு ஒரு ஆயா, அவர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார், பால் கொடுக்க வரும் தாய்க்குக் கூலி பிடிக்கிறார்களா என்று கேட்டு எழுதட்டும். தொழிலாளர் துறை அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோத்தகிரி.